குறிப்பு எடுத்தவர்

எங்கள் மென்பொருள் குழுவில் ஒன்பது பேர். எட்டு ஆண்கள், அப்புறம் நான். சேர்ந்த முதல் வாரமே மேனேஜர், "நீங்க நீட்டா எழுதுறீங்க, மீட்டிங் மினிட்ஸை நீங்களே பார்த்துக்கோங்க" என்றார். அன்று தலையாட்டியவள் ஆறு வருடம் நிறுத்தவில்லை. கூட்டத்தில் யார் என்ன சொன்னார், என்ன முடிவாயிற்று என்று எழுதி மாலைக்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன். மூன்று நாளுக்குள் யாரும் திருத்தம் சொல்லாவிட்டால் அதுவே இறுதி.

பெண்களுக்கும் நியாயம் கிடைக்கட்டும் என்று இந்த வருடம் ஒரு புது விதி வந்தது. பதவி உயர்வுக்கு இனி யார் சிபாரிசும் செல்லாது, எழுத்தில் இருப்பதுதான் சாட்சி. தோளில் கைபோட்டுக்கொண்டே மேலே போனவர்கள் ஆட்டம் முடிந்தது என்று முதலில் கைதட்டியவள் நான்தான். தலைமைப் பொறியாளர் பதவி இந்தத் தடவை எனக்கே என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

நேர்காணலில் மனிதவள அதிகாரியான பெண்மணி ஆறு வருட மினிட்ஸை மேஜையில் பரப்பியிருந்தார்; பக்கத்தில் எங்கள் மேனேஜர். குழுவில் என் பக்கத்து சீட்டுக்காரர் பெயரின் மேல் நாற்பத்தொரு இடத்தில் மஞ்சள் கோடு. வாயுள்ள பிள்ளை. என் பெயரும் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது, கடைசி வரியில்: குறிப்பு எடுத்தவர்.

"உங்க யோசனைன்னு ஒண்ணுகூட இல்லையேம்மா. நானும் தேடித் தேடிப் பார்த்துட்டேன்."

"சர்வர் விழுந்தப்போ வேலையை ரெண்டு வரிசையாப் பிரிக்கலாம்னு சொன்னது நான்தான் மேடம். சாரும் அங்கேதான் இருந்தார்."

அதிகாரி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். "குழு முடிவு செய்ததுன்னு போட்டிருக்கு. எழுதினது நீங்கதானே?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா வாய்ச்சொல் செல்லாதுன்னு விதி இருக்கே."

நுணலும் தன் வாயால் கெடும். நான் என் கையால் கெட்டேன். சபையில் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது அழகில்லை என்று அம்மா சொல்லி வளர்த்தது விரல் வரைக்கும் இறங்கியிருந்தது. மற்றவர் சொன்னதற்கெல்லாம் பெயர் போட்டேன். நான் சொன்னதற்கு மட்டும் குழு என்று போட்டேன்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் இருந்ததே! எட்டுப் பேரும் படித்தார்களே! 'இது அவங்க சொன்னது' என்று ஒருத்தருக்குக்கூட ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. என் மேல் இருந்த கோபம் அப்போதுதான் இடம் மாறியது.

பதவி பக்கத்து சீட்டுக்காரருக்குப் போயிற்று.

"கெடைச்சுதாடி?" என்றாள் அம்மா போனில்.

"இல்லம்மா."

"ஏன், நீதான் நல்லா வேலை செய்யறியே?"

அழுகைதான் வந்தது. அம்மா போனை வைக்காமல் அப்படியே இருந்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் வழக்கம்போல லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். நான் அதைப் புதுத் தலைமைப் பொறியாளர் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

"நானா? எனக்குப் பழக்கமே இல்லையேங்க" என்றார் அவர். "என்ன எழுதணும்?"

"நான் பேசப்போறேன். முதல்ல என் பேரை எழுதுங்க."