வெறும் தாளில் பூஞ்சை பிடிக்கவில்லை

1

மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. காலை முழுக்க, சூடான ஜெலட்டினைக் கட்டி தட்டாமல் கிண்டிய கை. அந்தக் கைக்காரி எலும்பு மருத்துவரின் வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுதான் இந்தக் கதை. கிண்டுகிற துடுப்பும் கையுமாகவே நிற்பதால், பட்டறையில் அவளைத் துடுப்பு என்பார்களாம். சொந்தப் பெயர் கேட்டேன். "அதையே எழுதுங்க, போதும்" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: துடுப்பின் அண்ணி செத்துப்போன மறுவாரம், பூட்டிய அலமாரிக்குள்—

அந்த வரியை அடித்துவிட்டேன். அண்ணி சாகவில்லை, அதே பட்டறையில் பார்த்த வேலைதான் போயிற்று. பேய்க்கதை ஆசையில் ஓர் உயிரை எடுப்பது அநியாயம். (அடித்த தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. மற்ற பக்கங்களோடு ஒரே இழுப்பறையில் கிடக்கிறது.)

2

பட்டறையில் செய்வது, மண்ணில் மட்கிப்போகிற பொட்டலத் தாள். ஜெலட்டினில் கிராம்பு எண்ணெய் கலந்து, தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடி போல உரிந்து வரும். அதில் ரொட்டியைச் சுற்றினால் பூஞ்சை அண்டாது. அதை நிரூபிக்க, எண்ணெய் சேர்க்காத வெறும் தாளிலும் ஒரு ரொட்டியைச் சுற்றி வைப்பார்கள். அது பூசணம் பூக்க வேண்டும்.

பூக்கவில்லை.

"யாரு இதுல எண்ணெய் தடவினது?" என்றார் மேற்பார்வையாளர்.

வெறும் தாள் ஊற்றியது அண்ணி. "நான் தொடவே இல்ல சார். என் சோத்துல நானே மண்ணப் போட்டுக்க எனக்கென்ன வேண்டுதலா?"

அவர் துடுப்பிடம் திரும்பினார். "நீ பக்கத்துலதானே நின்ன?"

துடுப்பு தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கவனிக்கல சார்."

கவனித்திருந்தாள். அண்ணி தாள் ஊற்றிய அன்று எண்ணெய் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி துடுப்பின் இடுப்பில். அதைச் சொன்னால் பழி தன் தலையில் விடியுமோ என்று பயம். சாயங்காலமே அண்ணியைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

[இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. இவளே தடவியிருப்பாளோ? கேட்டேவிட்டேன். "தடவியிருந்தா காரணமாவது தெரிஞ்சிருக்கும், இவ்ளோ பயம் இருக்காதுங்க" என்றாள்.]

3

அடுத்த வெறும் தாளைத் துடுப்பே ஊற்றினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் தட்டில். ரொட்டியைச் சுற்றி, அதே அலமாரியில், எண்ணெய்த் தாள் ரொட்டிகளுக்குக் கீழ்த்தட்டில் வைத்தாள்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தார்கள். வெறும் தாளுக்குள் ரொட்டி பளிச்சென்று இருந்தது. பிரித்ததும் கிராம்பு வாசம்.

"ஆளு போயும் கை போகல பாரு, உங்க அண்ணிக்கு!" என்று ஒருத்தி சிரிக்கப் பார்த்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

மேற்பார்வையாளர் அலமாரிப் பலகையை முகர்ந்தார். பலகை, கீல், பூட்டு எல்லாமே மணந்தன. எண்ணெய் ஆவியாகி அலமாரி முழுக்க ஏறியிருக்கிறது. தொடாமலே தொட்டிருக்கிறது.

"இனிமே ரெண்டையும் வேற வேற ரூம்ல வைங்க" என்றார். ஒரே அலமாரியில் வைக்கச் சொன்னது அவர்தான். அண்ணி பேச்சை அவர் எடுக்கவில்லை. துடுப்பும் எடுக்கவில்லை.

4

"அப்புறம் அண்ணியப் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அதற்குள் அவளை மருத்துவர் உள்ளே கூப்பிட்டுவிட்டார். இனி நான்தான் எழுத வேண்டும்.

துடுப்பு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அண்ணன் திறக்கிறார். உள்ளே கிராம்பு மணக்கிறது. (மணக்கிறது என்று எழுத நான் நினைக்கவில்லை.) "அவளா? அவதான் போன வாரமே—"

இல்லை. அது நான் அடித்த கதை, ஒரே இழுப்பறையில் கிடந்து இதிலும் ஏறியிருக்கிறது.

அடித்த தாளை எடுத்துப்போய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து, துடுப்பை மறுபடி கதவு தட்டச் செய்தேன். இந்த முறை கதவு திறந்தே கிடக்கிறது. அண்ணி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். "வா" என்கிறாள். திரும்பவில்லை. எத்தனை விதமாக எழுதினாலும் திரும்ப மாட்டேன் என்கிறாள்.

அவள் முகத்தை நீங்களே திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தைரியம் இல்லை. அந்த முகம் எப்படி இருந்தாலும் துடுப்பின் கடன் கடன்தான். பட்டறையில் எல்லார் காதிலும் விழ, "எங்க அண்ணி தடவல" என்று சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.