அத்தைக்கு எதிராக நாற்பத்தொரு கடிதங்கள்

நான் பத்திரிகை நிருபர். ஊரையே கேள்வி கேட்பவள். அன்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கதி.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க. சொல்லலன்னா சட்டப்படி உள்ள போகணும்," என்றார் விசாரணை அதிகாரி.

மேஜைமேல் என் ஹார்ட் டிஸ்க். ஆஸ்பத்திரியில் காலாவதியான மருந்து கொடுப்பதைப் போன வாரம் எழுதியிருந்தேன். தகவல் தந்த நர்ஸ் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பெண்ணின் கடிதங்கள் அதில்தான் இருந்தன. பெயர் தெரிந்தால் அவளுக்கு வேலையும் போகும், ஜெயிலும் நிச்சயம்.

ஆனால் என் தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். டிஸ்கில் இரண்டு அறை கட்டித் தந்திருந்தான். ஒரு பாஸ்வேர்டு முன் அறையைத் திறக்கும், இன்னொன்று உள் அறையை. உள் அறை இருப்பதை எந்தக் கொம்பனாலும் நிரூபிக்க முடியாது.

"முன் அறையில மானம் போற மாதிரி எதையாவது வை அக்கா. அப்பதான் நம்புவாங்க. ஆனா அங்க எழுதும்போதெல்லாம் ரெண்டு பாஸ்வேர்டும் கொடு. மறந்தா, புதுசா எழுதறது உள் அறை மேல ஏறி உக்காந்துடும்."

மானம் போகிற விஷயத்துக்கா பஞ்சம்? வெளியூரில் இருக்கும் கணவருக்கு, மாமியாரைப் பற்றிக் கடிதம் எழுதி, அனுப்பாமல் அங்கே போட்டேன். முதலில் நடிப்புக்காகத்தான். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், ருசி கண்டுவிட்டது. நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டது.

ஒரே சிக்கல், "தனியா எங்க போற?" என்று அத்தையும் விசாரணைக்குக் கூடவே வந்திருந்தார்.

முன் அறைப் பாஸ்வேர்டைச் சொன்னேன். அதிகாரி கடைசிக் கடிதத்தை உரக்கப் படித்தார். எனக்கு உயிரே போயிற்று.

'நான் கழுவிய பாத்திரத்தை என் கண்ணெதிரே மறுபடி கழுவுகிறார். இன்று ஏழு தட்டு. ஆதாரத்துக்கு இருபது போட்டோ சேர்த்திருக்கிறேன்.'

"இதையா பூட்டி வச்சீங்க? காதுல பூ சுத்தாதீங்க. இது ஒப்புக்கு எழுதினது. இன்னொரு பாஸ்வேர்டு என்ன?"

"இல்ல சார்."

"இல்லன்னு எப்படி நம்புறது?"

அதற்குள் அத்தை எழுந்துவிட்டார்.

"ஒப்புக்கா? ஏழு தட்டா? அஞ்சுதான்! அதுலயும் ரெண்டுல சோப்பு அப்படியே இருந்துச்சு. ஏன்டி, என் மானத்தை இப்படியா வாங்குவ?"

பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கடிதத்தையும் படிக்கச் சொல்லி மறுப்பு. பன்னிரண்டாவது கடிதத்தில் அதிகாரி டிஸ்கை என் கையில் திணித்தார்.

"வீட்ல போய்ப் பேசிக்கோங்க தாயே," என்று கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், நர்ஸின் கடிதங்களை அழித்துவிடலாம் என்று உள் அறையைத் திறந்தேன். கடிதம் முழுக்கக் கட்டம், கோடு, அரைகுறை எழுத்து. படிக்கிற மாதிரி ஒரு வரி இல்லை. முந்தின நாள் தட்டுக் கோபத்தில் அந்த இருபது போட்டோவையும் போட்டபோது ஒரே ஒரு பாஸ்வேர்டுதான் கொடுத்திருக்கிறேன், மடச்சி! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் இனி மாட்டவே மாட்டாள்.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அப்ப அந்த ஆள் கேட்டது சரிதான். இன்னொண்ணு இருக்கு."

"ஐயோ அத்தை, இதுல உங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. சத்தியமா!"

"இல்லன்னு எப்படி நம்புறது?" கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு நேரே குனிந்தார். "அடிப்பாவி! என்னைத் திட்டறதுக்குன்னு தனி பாஷையே கண்டுபிடிச்சிருக்கியே!"