பதில் எழுதும் கட்டம்

வெள்ளைக்காரன் காலத்து விசாரணைப் படிவங்களைக் கிழித்துப் போடச் சொன்னபோது, கல்லூரி மாணவர் நல அலுவலகத்திலேயே அதிகம் துள்ளியவள் நான்தான். இருபது வருடமாக அந்தச் சனியனைத் தட்டச்சு செய்து விரல் தேய்ந்தவள். 'குற்றம் சாட்டப்பட்டவர் நின்றபடியே விசாரிக்கப்படுவார்' என்று மேலே அச்சடித்திருக்கும். அடியில் மாணவர் பதில் எழுத ஒரு கட்டம், எழுத மூன்று வாரம் அவகாசம். அது நிரம்பாமல் யாரையும் வெளியே அனுப்ப முடியாது. அது அப்போது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. கட்டுக் கட்டாகக் கிழித்தேன்.

அதற்குப் பதிலாக வந்தது வட்டம். மேஜை கிடையாது, காகிதம் கிடையாது. எல்லாரும் சமமாக உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதல் வட்டமே என் அக்கா மகளுக்கு. விடுதியில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை; யாரோ தொட்டி அறைப் பூட்டை உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். காப்பாளர் இவளைக் கைகாட்டினார்.

காலையில் ஒன்பது நாற்காலி போட்டேன். மாணவர் நல இயக்குநர் வந்து பார்த்தார். எப்போதும் சிரித்த முகம்.

"உங்க அக்கா பொண்ண கதவுப் பக்கமா உட்கார வைங்கம்மா."

"ஏன் சார்?"

"காத்தோட்டமா இருக்கட்டும்."

மின்விசிறி எதிர்ப்பக்கம் இருந்தது. இருந்தும் நாற்காலியை நகர்த்தினேன்.

அக்கா மகள், அந்த வாயாடி, அன்றைக்குப் பெட்டிப்பாம்பாக அடங்கி வந்தாள். "சித்தி, என்னைப் படிப்ப விட்டு அனுப்பிடுவாங்களா?"

"வாய வச்சிக்கிட்டு சும்மா இரு."

இயக்குநர் கனிவாகத்தான் ஆரம்பித்தார். "இங்க யாரும் நீதிபதி இல்லம்மா. பேசுறது இந்த ரூமை விட்டுப் போகாது. மனசுல இருக்கறதச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பாவி, நானும் நம்பித் தலையாட்டினேன்.

"பூட்ட உடைச்சது நான்தான் சார். ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்களுக்குக் குடிக்கக்கூடத் தண்ணி இல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். இயக்குநர் நன்றி சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். வெளியே காவலாளி நின்றிருந்தார். அவர் காலடியில் அவளுடைய பச்சைப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியபடி. சேர்ந்த அன்று நான் வாங்கிக் கொடுத்தது. துணிமணியை எடுத்து அடுக்கிக் கட்டவே அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவள் வாயைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"சார், அவ தரப்பு?"

"அதான் சொல்லிட்டாளேம்மா."

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். மூடியைக் கழற்றினாள்.

"பதில் எழுதிக் குடுக்க மூணு வாரம் இருக்குன்னு சீனியர் அக்கா சொன்னாங்களே சித்தி. எதுல எழுதணும்?"

இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் காலியாக இருந்தன. போன வாரம் நான்தான் துடைத்து வைத்திருந்தேன்.