பெற்றோல் ஜீப்பும் என் டீசல் லொறியும்

மிதுஷன் என் மனைவியின் தம்பி. ஒருகொடவத்தை யார்டில், ட்ரெயிலரிலிருந்து சரிந்து விழுந்த வெற்றுக் கொள்கலனின் கீழ்விளிம்பு அவன் தொடையை நசுக்கிக்கொண்டிருந்தது. ஃபோர்க்லிஃப்ட் மூன்று நாளாகப் பழுது. மேல்மூலையில் சங்கிலி பூட்டி எதிர்ப்பக்கம் இழுத்தால்தான் அந்த விளிம்பு எழும்பும்.

"அத்தான், காலை வெட்டியாவது என்னை எடுங்கோ!" என்று கத்தினான்.

யார்ட்காரரின் மகன் ஜவாத் தன் புதுப் பெற்றோல் ஜீப்பைக் கொண்டுவந்து சங்கிலியை மாட்டினான். "முந்நூறு குதிரைவலு, பிறெடி நானா. உங்கட கிழட்டு லொறியில நூத்திப்பத்துதானே," என்றான் என்னிடம்.

"டேய், குதிரைவலு ஓடுறதுக்கு. இழுக்க டோர்க் வேணும், முறுக்கு விசை. உன்ர எஞ்சின் நிமிசத்துக்கு அஞ்சாயிரம் தரம் சுத்தினாத்தான் பலம் காட்டும். என்ரது ஆயிரத்தைந்நூறிலயே இழுக்கும். தள்ளு!"

அவன் கேட்கவில்லை. ஜீப் அலறியது. அந்த வேகச் சுற்றில் டயர்கள் பிடிமானம் இழந்து, நின்ற இடத்திலேயே சுழன்று புகைந்தன. நாலு விரல் உயரம் எழும்பிய கொள்கலன், ஜவாத் அக்சிலரேட்டரை விட்டதும் மிதுஷனின் அதே தொடையில் திரும்ப விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

எனக்கு இயல்பிலேயே மூக்குக்கு மேல் கோபம் வரும். ஜீப் கதவைத் திறந்து அவனை இழுத்துப்போட்டுக் குத்தினேன். வலக்கண் வீங்கி மூடும்வரை குத்தினேன். இரண்டு பேர் பிடித்திராவிட்டால் கொன்றிருப்பேன்.

சங்கிலியை என் லொறிக்கு மாற்றி, முதல் கியரில் கிளச்சை மெதுவாக விட்டேன். வண்டி முனகிக்கொண்டே நகர, விளிம்பு அங்குலம் அங்குலமாக எழும்பியது. பிரேக்கை மிதித்துப் பிடித்தேன். எங்கள் யார்டில், அடியில் போகிறவன்தான் சங்கிலிக் கொக்கியிலும் ஒரு கண் வைத்திருப்பான். நழுவினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே பாய்வான்.

"ஆர் உள்ள போறது?" என்று கத்தினேன். வாயெல்லாம் இரத்தத்தோடு ஜவாத் குனிந்து நுழைந்தான்.

கக்கத்தில் கைகொடுத்து மிதுஷனை வெளியே தள்ளிவிட்டான். அந்த நேரம் ஜவாதின் வலப்பக்கம் கொக்கி நழுவியது. எல்லோரும் கத்தினோம், எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கண்ணாவது கண்டிருக்க வேண்டும். அந்தக் கண்ணை நான்தான் மூடியிருந்தேன்.

கொள்கலன் அவன் கையில் இறங்கியது. மறுபடி இழுத்துத் தூக்கியபோது, மணிக்கட்டுக்குக் கீழே கையென்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அம்புலன்ஸில் ஏற்றும்போது ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். "நீங்க சொன்னதுதான் சரி நானா. டீசல்தான் இழுக்குது."

சரியாக இருந்து என்ன? நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.