எதிர்க்காற்றுக்கு அரை லீற்றர்

...அதுவும் ஸ்கூட்டர் பெல்ட்டை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை, பெல்ட்டையும் சேர்த்தால் மாசக் கடைசியில் கையில் மிஞ்சுவது இன்னும் சுருங்கும், என்று நினைத்தபடியே மதுஷிகா மன்னார்ப் பாலத்தில் ஏறினாள், ஏறியதுமே வலப்பக்கத்திலிருந்து காற்று ஸ்கூட்டரைப் பிடித்துத் தள்ளியது, கைகளை இறுக்கிக்கொண்டாள், தென்மேற்குச் சோளகம் தொடங்கிவிட்டது. பாலத்தில் பக்கவாட்டில் தள்ளுகிற இதே காற்று, தள்ளாடிச் சந்தி தாண்டித் தெற்கே திரும்பியதும் நேரே நெஞ்சில் வந்து நிற்கும், அரிப்பு ஊர் வரைக்கும் விடாது. எதிர்க்காற்றென்றால் இந்தச் சின்ன ஸ்கூட்டருக்குத் தாகம் கூடிவிடும், கிழமைக்கு அரை லீற்றர் கூடக் குடிக்கும், பின்னேரம் வீடு திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளித்தான் விடுகிறது, ஆனால் காலையில் பிடுங்கியதைப் பின்னேரம் முழுதாய்த் திருப்பித் தருவதில்லை... காற்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் தருகிறது. பெற்றோல், ஒயில், பிறேக் சூ, வருசத்துக்கொருதரம் இன்சூரன்ஸ், புகைச் சோதனை, லைசன்ஸ், பிறகு இந்த உப்பு. உப்பை எந்தத் தலைப்பில் போடுவது? கடலுக்கு நடுவால் தினமும் போய் வருகிற வண்டி, சைலன்சர் அடியால் அரித்துப்போய் போன வருசம் விழுந்தே விட்டது, வங்காலைச் சந்தியில், பின்னால் வந்த மீன்காரர் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார், தங்கச்சி இது உங்கட சாமானோ என்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்த உப்புக்காகத்தான் அவள் புருசன் அகிலன் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வாளித் தண்ணீரும் பழைய சீலைத்துண்டுமாய் வருவான், அவள் முகம் கழுவி முடிப்பதற்குள் அவன் ஸ்கூட்டரின் முகத்தைக் கழுவிவிடுவான், மகள் தக்சிகா சில்லுக்குச் சவர்க்காரம் போடுவாள், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இரண்டு பேரும் சேர்ந்து. நேற்றும் அப்படித்தான் குந்தியிருந்து துடைத்துக்கொண்டே, நிமிராமலே சொன்னான். "மது, சொல்லுறன் எண்டு கோவிக்காதையும். அங்க தாறதில இதுக்குச் செலவழிச்சது போக என்ன மிஞ்சுது? நீர் அந்தப் பராமரிப்பு நிலையத்துக்கு வேலை செய்யேல்ல, பெற்றோல் செட்காரனுக்கு வேலை செய்யிறீர்." அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான், "வீட்டில இரும். நாரி முதுகெல்லாம் நோவெண்டு ஒவ்வொரு நாளும் படுக்கேக்க சொல்லுறீர், எனக்குக் கேட்க ஏலாமக் கிடக்கு." அதற்கு என்ன பதில் சொல்வது, கூட்டலிலும் கழித்தலிலும் பிழையில்லை, அவளே இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டாள், அதற்கு மேல் அவனுடைய குரலிலும் பிழையில்லை. பெற்றோலே இல்லாமல் நாடு முழுக்க வரிசையில் நின்ற அந்த வருசம் தன் பைக்கில் இருந்த பெற்றோலைக் குழாய் போட்டு வாயால் உறிஞ்சி இந்த ஸ்கூட்டருக்கு இறக்கினவன், ஒரு மிடறு உள்ளே போய் அன்று முழுக்கச் சோறு தின்ன முடியாமல் கிடந்தவன், பட்டினத்தில் தான் வேலை செய்கிற கந்தோருக்குச் சைக்கிளில் போனவன். அப்படிப்பட்டவன் போதும் என்று சொன்னால் போதும்தானே... போதுமா?

தள்ளாடியில் திரும்பினாள், காற்று நெஞ்சுக்கு வந்துவிட்டது. அக்சிலேற்றரை முறுக்க முறுக்க வேகம் கூடுவதாயில்லை, சத்தம்தான் கூடியது, ஹெல்மெட்டுக்குள் காற்று வேறொரு குரலில் கத்தியது. வங்காலைப் பக்கத்தில் பூநாரைகள் எல்லாம் போய்விட்டிருந்தன, சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது, தூரத்தில் ஒரு கோடு போலத் தண்ணீர். இந்த இடத்தில்தான் அவள் பாடுவாள். ஒருவருக்கும் தெரியாது, அகிலனுக்கும் தெரியாது, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு வாய்க்கு வந்ததை, பூசைப் பாட்டோ சினிமாப் பாட்டோ, பாதியில் சொல் மறந்தால் தன் சொல்லைப் போட்டு. வீட்டில் அம்மா, வேலையில் மிஸ், கோவிலில் அகிலனின் மனுசி, இந்த ஒரு மணித்தியாலத்தில் மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை, மழை வருமா, டாங்கில் எவ்வளவு கிடக்கு, இவ்வளவுதான் கேள்வி. வேலையை விட்டால் இதுவும் போகும், இதை அகிலனிடம் எப்படிச் சொல்வது, நான் பாடுகிறதுக்கு ஒரு ரோட்டு வேண்டும் என்றா? அவன் சிரிக்கமாட்டான், அதுதான் கஷ்டம், யோசித்துப் பார்த்துவிட்டு, கிணற்றடியில் பாடும், நான் அந்தப் பக்கம் வரமாட்டன் என்று சொல்லுவான், சொன்னபடி வராமலும் இருப்பான்.

இன்று மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும். அரிப்பில் அந்தப் பகல் பராமரிப்பு நிலையத்தை நடத்துகிற றாபியா மிஸ் முந்தாநாளே கேட்டுவிட்டார், அடுத்த ஆறு மாசத்துக்கு வேலையில் நிற்பவர்களின் பெயர்களைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், "உங்கட பேரப் போடவா, விடவா, ரெண்டில ஒண்டு செல்லுங்க, நான் ஒண்டும் நினைக்கமாட்டேன்." பாரிசவாதம் வந்தவர்கள், விழுந்து இடுப்பு முறிந்தவர்கள், வீட்டில் மூலையில் கிடந்தால் அப்படியே கிடந்துவிடுவார்கள் என்று ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவருகிற பதினைந்து இருபது பேர், அவர்களின் கையைப் பிடித்து மடக்கி விரித்து, உடுப்புக் கிளிப்பைக் கயிற்றில் கொழுவச் சொல்லி, படம் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லி... ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டதைத்தான் அவள் செய்கிறாள், பெரிய படிப்பொன்றும் இல்லை, வேறு ஒருத்தி வருவாள். வராமலும் விடுவாள். இந்தக் காசுக்கு யார் இவ்வளவு தூரம் வருவார் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் தானே சிரித்தாள், அதுதானே அகிலனும் கேட்கிறான்.

அருவியாற்றுப் பாலம் தாண்டியதும் கையில் இருந்த இறுக்கத்தை விட்டாள். நிலையத்தின் கேற் திறந்து கிடந்தது. கேற்றடிப் பூவரசின் கீழே வழக்கம் போல சாஹுல் ஹமீட் கதிரையில் இருந்தார், மடியில் செத்த வலது கை, இடது கையில் பொல்லு. சிலாவத்துறைப் பக்கத்தில் இரண்டு வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி, போன மாரிக்கு முதல் ஒருநாள் விடியக்காலைச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பினவர் அப்படியே சரிந்தார், கையோடு பேச்சும் போயிற்று. 'ஓம்' மட்டும்தான் மிச்சம். பசிக்குதா, ஓம். பசிக்கேல்லையா, ஓம். மனைவி நுஸ்ரியாவின் பெயரைக் கேட்டாலும் ஓம். மீன் படம் காட்டினால் பார்ப்பார், உதடு துடிக்கும், ஒன்றும் வராது, வள்ளத்தின் படம் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதனால் அந்தப் படத்தை அவள் எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், இவ்வளவு காலம் வராதது இனி வருவது கஷ்டம் என்று. இருந்தும் மாலையில் போகும்போது நாளைக்குச் சந்திப்பம் சம்மாட்டியார் என்று அவள் சொல்ல, அவர் ஓம் என்பார், அந்த ஓமைக் கேட்டால் அடுத்த நாள் வராமல் இருக்க முடியாது... வராமல் இருந்தால் யாரிடம் சொல்வார், எதைச் சொல்வார்.

ஸ்கூட்டரை நிழலில் விட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள், தலைமயிர் கலைந்து கிடந்தது.

"காத்து."

"ஓம், இண்டைக்குக் கடும் காத்துத்தான், ஸ்கூட்டரே ஏலாமல் போச்சு," என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்துத் தோளில் போட்டாள், படியில் கால் வைத்தாள், பிறகுதான் அந்தக் கால் நின்றது. யாருக்குப் பதில் சொன்னேன்? முற்றத்தில் வேறு ஒருவரும் இல்லை. திரும்பிப் பார்க்கப் பயமாயிருந்தது, மெல்லத் திரும்பினாள். சாஹுல் ஹமீட் அவளைப் பார்க்கவில்லை, பொல்லை நீட்டிக்கொண்டிருந்தார், நெற்றி நரம்பு புடைத்திருந்தது, ஒரு பெரிய பாரத்தைக் கரைக்கு இழுக்கிற முகம். "காத்து," என்றார் மறுபடியும், பொல்லை இன்னும் கொஞ்சம் நீட்டினார், "...இல்ல." பொல்லு காட்டிய இடத்தில் ஸ்கூட்டரின் பின் டயர் பாதிக்கு மேல் சப்பையாய்க் கிடந்தது. எதிர்க்காற்று எதிர்க்காற்று என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தது இதையும்தானா.

சம்மாட்டியார் கதைச்சிட்டார் என்று அவள் கத்திய கத்தலில், அவரோடு கூட வந்திருந்த நுஸ்ரியா உள்ளேயிருந்து ஓடி வந்தாள், ஈரக்கையைத் துடைக்கவும் மறந்து. "என்ன செல்லுறீங்க மகள், கதைச்சாங்களா?" அவர் முன்னால் முழங்காலில் இருந்து, "இன்னொருக்கா செல்லுங்க, என்னப் பாத்துச் செல்லுங்க," என்றாள். "ஓம்," என்றார் அவர். "அது வேணாம், மத்தத," என்றாள். "ஓம்." நுஸ்ரியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நாப்பது வருசம் சோறாக்கிக் குடுத்திருக்கேன், என்ட பேரச் செல்லல்ல. இந்த டயருக்குத்தான் வாய் திறந்தாங்க." மதுஷிகாவுக்கும் சிரிப்பு வந்தது. சொல்லித் தந்த சொல் இல்லை இது, எந்தப் படத்திலும் இல்லாத சொல், காற்றைப் படம் பிடித்து எப்படிக் காட்டுவது, கடலுக்குப் போன மனிசன் வாழ்நாள் முழுக்கக் காலையில் எழுந்ததும் முதலில் பார்த்தது அதைத்தானே, எல்லாச் சொல்லும் போன பிறகும் அடியில் அது ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது, இன்னொருத்தி வழியில் விழுந்துவிடக்கூடாது என்று அதைப் பிடுங்கி எடுத்துத் தந்திருக்கிறார்.

முன்வீட்டில் காற்றடிக்கிற சைக்கிள் பம் வாங்கி வந்தாள். அவள் மிதித்து அடிக்க, சம்மாட்டியார் குனிந்து இடது பெருவிரலால் டயரை அமத்திப் பார்த்துக்கொண்டேயிருந்தார், போதுமா என்று கேட்டாள், ஓம் வரவில்லை, இன்னும் அடித்தாள், வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, போதுமா என்று மறுபடி கேட்டாள், இன்னொரு தரம் அமத்தினார். "ஓம்," என்றார். இந்த ஓம் சரியான இடத்தில் விழுந்த ஓம், அவளுக்கு அது தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், வேலை முடித்த ஆள் மாதிரி.

மத்தியானத்துக்குச் சற்று முன் றாபியா மிஸ் கையில் பேனையோடு வாசலில் வந்து நின்றார். "அஞ்சு நிமிசம் தாங்கோ மிஸ், அவரோட ஒருக்காக் கதைச்சிட்டு வாறன்," என்றாள் மதுஷிகா. முற்றத்துக்கு வந்து அகிலனுக்கு எடுத்தாள். "சம்மாட்டியார் கதைச்சவர்." "உண்மையாவோ?" அவனுடைய குரல் துள்ளியது, "என்ன சொன்னவர்?" சொன்னாள், டயரையும் நுஸ்ரியாவையும் சேர்த்து, அவன் வாய்விட்டுச் சிரித்தான், பிறகு குரல் தாழ்ந்தது. "நான் சொன்னனான் எல்லே, உம்மட கையில அவர் கதைப்பார் எண்டு." ஓம், சொன்னவன்தான், எத்தனையோ தரம். "அப்ப மிஸ்ஸிட்டச் சொல்லிட்டீரோ?" "இன்னும் இல்லை." "சரி, பொறும் மது, என்ர முறை வந்திட்டுது, பைக்குக்குப் பெற்றோல் அடிக்க வந்து வரிசையில நிக்கிறன்."

"அது எந்தக் காசில அடிக்கிறீங்கள்?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள், கேட்க வேண்டும் என்று நினைத்துக்கூட இல்லை, வாய் கேட்டுவிட்டது.

"எந்தக் காசெண்டா... வீட்டுக் காசுதான். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

வீட்டுக் காசு. அப்படித்தானே, அவனுடைய சம்பளம் வீட்டுக்கு வருகிறது, வந்த பிறகு அதிலிருந்து அரிசி, பள்ளிக்கூடச் சப்பாத்து, பைக்குக்குப் பெற்றோல், எல்லாம் வீட்டுச் செலவு. அவளுடைய காசு மட்டும் வாசலைத் தாண்ட முதலே பெற்றோலையும் பெல்ட்டையும் உப்பையும் கழித்துவிட்டு, மிஞ்சியதைத்தான் உள்ளே விடுகிறோம். அகிலன் பெற்றோல் செட்காரனுக்கு வேலை செய்கிறான் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவனா அப்படிக் கழித்தான்? அவளும்தானே இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள், இரண்டு தரமும் தன்னிலிருந்துதானே கழித்தாள், பிழையே தெரியவில்லையே. கோபம் வரவில்லை, கோபம் வந்திருந்தால் சுகமாயிருந்திருக்கும், வந்தது ஒரு விதமான அந்தரம், தன் உடுப்பு பிறத்தியார் கொடியில் காய்வதைக் கண்ட மாதிரி. மறுமுனையில் வரிசையின் இரைச்சல் கேட்டது, யாரோ அண்ணை எவ்வளவுக்கு என்று கேட்டார்கள், அதையே திரும்பவும் கேட்டார்கள். அவனும் அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறானோ, இல்லை, காசைத்தான் தேடுகிறானோ.

"மது," என்றான் பிறகு, மெல்லமாய். "நிக்கிறீரோ?"

"நிக்கிறன்," என்றாள், சொன்ன பிறகுதான் யோசித்தாள், ரெலிபோனில் நிற்பதைச் சொன்னேனா, இங்கே வேலையில் நிற்பதைச் சொன்னேனா என்று. அவன் எதைக் கேட்டான் என்பதும் தெரியவில்லை.