கூடுதலாக ஒரு பேஸ்

டிரம்மரை விட்டுவிடுங்கள், அவன் பாடு தனி. குழுவில் மற்றவர்கள் மேடைக்குச் சாமான் கொண்டுவர ஒரு நடை நடந்தால் போதும். நான் மூன்று நடை. முதல் நடையில் பேஸ் கிட்டாரும் அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பும். இரண்டாவதில் இன்னொரு பேஸ் கிட்டார், முதலாவது காலை வாரிவிட்டால் எடுத்து மாட்டிக்கொள்ள. மூன்றாவதில் சின்ன ஆம்ப், ஆறு கேபிள், இரண்டு செட் கம்பி, ஃபியூஸ், பேட்டரி, டார்ச், டேப். பதினோரு வருடமாக அந்த இரண்டாவது பேஸ் மேடை ஓரத்தில் உறையோடு நிற்கிறது. ஒரு பாட்டுக்குக்கூட வெளியே வந்ததில்லை. எனக்கு மூட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டிரம்மர் என் மனைவியின் தம்பி. அவன் மட்டும் மரியாதை கொடுத்து "மூட்டை மாமா" என்பான்.

எனக்கு இதில் வெட்கம் ஒன்றுமில்லை. பேஸ் ஒலிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நின்றுபோனால் பாட்டு தொங்கிவிடும், எல்லாரும் ஒரே ஆளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

கூடுதலாக எடுத்துப்போக முடியாதது ஒன்றுதான். இடது கை மோதிர விரல். ஆறு மாதமாக அது மடங்கினால் அப்படியே சிக்கிக்கொள்கிறது, பிறகு சொடக்குப் போட்ட மாதிரி நிமிர்கிறது. டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்னார். ஓய்வு கொடுத்தால் என் இடத்தில் வேறு ஆள் வந்துவிடுவான். அதனால் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. சிக்கும் இடங்களில் சுண்டு விரலை வைத்து ஒப்பேற்றினேன். ஓரிரு இடங்களில் கண் இமைக்கும் நேரம் பிந்துவேன். யாருக்குத் தெரியப்போகிறது?

அன்று ஒரு கம்பெனியின் ஆண்டு விழா, பகல் நிகழ்ச்சி. லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு மாடி, மூன்று நடை. எதற்கும் இருக்கட்டும் என்று தூக்கிய சாமான்தான் விரலைக் கவிழ்த்திருக்க வேண்டும். முதல் பாதியின் கடைசிப் பாட்டில் மடங்கிய விரல் நிமிரவே இல்லை. மிச்ச விரல்களை வைத்து எப்படியோ கரை சேர்ந்தேன்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் உட்கார்ந்து வலது கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். பாடகி உள்ளே வந்தாள். குழு அவளுடையது. பின்னாலேயே என் மைத்துனன்.

"விரலைக் காட்டுங்கண்ணா."

"எந்த விரல்?"

"நடிக்காதீங்க. வெளியில ஒருத்தி உக்காந்திருக்கா. எல்லாப் பாட்டும் தெரியும். மிச்சத்தை அவ வாசிக்கட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரைக் கேட்டு வரச் சொன்னே?"

"நீங்க எல்லாத்துக்கும் ஒண்ணு கூடுதலா கொண்டு வர்றீங்க. உங்களுக்குக் கொண்டு வரல. அதான் நாங்க கொண்டு வந்தோம்."

"ஒரு நாள்தானே மாமா" என்றான் மைத்துனன், கையிலிருந்த குச்சிகளைப் பார்த்துக்கொண்டே. ஒரு நாள்தான் என்று சொன்ன எதுவும் ஒரு நாளோடு முடிந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வெறுங்கையோடு வந்திருந்தாள்.

"பேஸ் எங்கம்மா?"

"உங்ககிட்ட ரெண்டு இருக்குன்னு சொன்னாங்க சார்."

வேறு வழியில்லை. உறையைக் கழற்றி, சுருதி சேர்த்துக் கொடுத்தேன். பாட்டெல்லாம் எப்படிப் பழகினாய் என்று கேட்டேன்.

"உங்க ரிகர்சல் ரெக்கார்டிங்தான் சார். மூணு மாசமா அதையேதான் கேக்கறேன். நீங்க வாசிக்கிறதை அப்படியே எடுத்துட்டேன், ஒண்ணு விடல."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எங்கள் குழுவை எதிரில் உட்கார்ந்து நான் கேட்பது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் வாசித்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஒரு கம்பி அறுந்து தொலையட்டும் என்றுகூட நினைத்தேன். மூன்று பாட்டுக்கு ஒன்றும் அறுந்து தொலையவில்லை.

நான்காவது பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்ததும் பேஸ் கீழிருந்து ஒரே தாவில் மேலே ஏற வேண்டும். என் விரல் சிக்கும் இடம் அது. அவள் விரலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பிந்தித்தான் வந்தாள், நான் பிந்தும் அதே அளவு. பாட்டே அப்படித்தான் என்று நினைத்துப் பழகியிருக்கிறாள்.

டிரம்மர் அங்கே விழ வேண்டிய அடியைப் போடாமல் குச்சியைத் தூக்கியபடி நின்றான். பாடகி கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டே இருந்தாள். பேஸ் வந்து சேர்ந்த பிறகுதான் மூன்று பேரும் ஒன்றாக இறங்கினார்கள். அந்த இழுப்பு பாடகி சமீபத்தில் பிடித்துக்கொண்ட பாணி என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிரமாதமாக இருக்கிறது என்று ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன். அவளும் "தேங்க்ஸ்ண்ணா" என்று வாங்கிக்கொண்டாள்.

ஆறு மாதமாக அவர்கள் அந்த இடத்தில் எனக்காக நின்றிருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. பாட்டு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து கைதட்டினேன். மடங்கிய விரலோடு தட்டினால் சத்தம் சரியாக வருவதில்லை.