அடிபட்டுப் போகும் மார்க்

விஸ்வநாதன் நேர்மையான மனிதர். இதை நீங்கள் யாரிடமும் விசாரிக்க வேண்டாம். அவரோடு உட்கார்ந்து ஒரு காபி குடித்தால் போதும், அவரே சொல்லிவிடுவார். மத்திய அரசுத் தணிக்கை ஆபீஸில் அதிகாரி; கல்கத்தா சால்ட் லேக்கில் அரசாங்கக் குடியிருப்பு; ஆபீஸ் பேனாவால் வீட்டு விலாசத்தைக்கூட எழுதாதவர். ஒரு நவராத்திரிக்கு அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் கொலுப் போட்டி வைத்து அவரை நடுவராகப் போட்டன. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே, "இது போட்டியில் சேர்த்தி இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளே பட்டுப்புடவையும் சுண்டலுமாகக் காத்திருந்த அவர் மனைவி பட்டு, அடுத்த வருஷத்திலிருந்து பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கவே இல்லை.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் குடியிருப்பே சிரிக்கும். அவர்களுடைய ஒரே பெண் மாதங்கிக்கு மட்டும் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

மாதங்கி டைவிங் வீராங்கனை. ஸ்பிரிங்போர்டில் ஏறி நின்று, எகிறி, காற்றில் சுருண்டு, தண்ணீரில் தலைகீழாக இறங்குகிறவள். சின்ன வயசிலிருந்து தினமும் விடியற்காலையில் அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போனது விஸ்வநாதன்தான். சும்மா நிற்க அவருக்குத் தெரியாது. கிளப்பில் நடுவர் போதாமல் திண்டாடியபோது, விதிப்புத்தகத்தை ஆபீஸ் சட்டப்புத்தகம் மாதிரி உருப்போட்டுப் பரீட்சை எழுதி நடுவராகிவிட்டார். வங்காளிகள் அவரை 'பிஷ்ஷநாத்தா', அதாவது விஸ்வநாத அண்ணா, என்று பிரியமாகக் கூப்பிட்டார்கள்.

டைவிங்கில் ஐந்து நடுவர்கள் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார்கள். அதில் ஆக அதிகமானதில் ஒன்றையும் ஆகக் குறைந்ததில் ஒன்றையும் அடித்துவிட்டு, மிச்சம் மூன்றைத்தான் கூட்டுவார்கள். வேண்டியவனுக்கு வாரிக் கொடுக்கிறவனையும் வேண்டாதவனைக் கவிழ்க்கிறவனையும் ஓரங்கட்ட வந்த ஏற்பாடு அது. விஸ்வநாதன் அதில் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். மகள் குதிக்கும்போதெல்லாம் ஒரு மார்க் குறைத்துப் போட்டார்.

"ஏம்ப்பா எனக்கு மட்டும் கம்மி?" என்று பதினோரு வயதில் அவள் அழுதபோது, மடியில் உட்கார்த்திவைத்து விளக்கினார்.

"என்னோடதுதான் எல்லாத்தையும் விடக் கம்மியா இருக்கும். அதை அடிச்சுடுவா. உனக்கு ஒரு நஷ்டமும் கெடையாது. பெத்த பொண்ணுக்கு ஜாஸ்தி போட்டான்னு ஒருத்தன் என்னைச் சொல்லப்படாது, புரியறதா?"

புரிந்தது. அவளுக்கு நஷ்டம் இல்லை, அவருக்கோ நல்ல பேர். மாநிலப் போட்டிகளில் இப்படியே வருஷக்கணக்காக ஓடியது. பிஷ்ஷநாத்தா சொந்தப் பெண்ணுக்கே கை தாராளம் காட்டாதவர் என்று கிளப்பில் புதிதாக வருகிற குழந்தைகளுக்குக்கூடச் சொல்லிவைத்திருந்தார்கள்.

இந்த வருஷம் தேசிய நீர்விளையாட்டுப் போட்டி கல்கத்தாவிலேயே நடந்தது. மாதங்கிக்கு இருபத்தைந்து முடியப்போகிறது. இரண்டு தடவை நாலாம் இடம், ஒரு தடவை ஐந்து. விளையாட்டுக்காரர்களுக்கான ரயில்வே வேலைக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். தேசியப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருந்தால்தான் கூப்பிடுவார்கள், அதுவும் இந்த வருஷத்தோடு வயது தாண்டிவிடும். வேலை கிடைத்தால் கார்டன் ரீச்சில் ஆபீஸ், காலையில் கையெழுத்து, மத்தியானம் பயிற்சி; இன்னும் எட்டுப் பத்து வருஷம் குதிக்கலாம். கிடைக்காவிட்டால் குளத்தை மறந்துவிட்டு செக்டர் ஃபைவில் ஏதாவது ஒரு கம்பெனியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இறுதிச்சுற்றன்று காலை வெளிமாநில நடுவர் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. படுத்த படுக்கையாகிவிட்டார். மார்க் போடுகிற மின்சாரப் பெட்டியும் ஈரத்தில் செத்துப்போய், பழையபடி அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்றார்கள். அவசரத்துக்கு ஆள் வேண்டும். பார்வையாளர் வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விஸ்வநாதனைக் கூப்பிட்டார்கள். தகப்பன் எப்படி உட்காரலாம் என்று ஒருவராவது ஆட்சேபிக்க வேண்டுமே? எதிரணிகளுக்கெல்லாம் ஏகச் சந்தோஷம். "பிஷ்ஷநாத்தாவா? தாராளமா உட்காரட்டும்!" என்று சிரித்தார்கள். எல்லாருக்கும்தான் அவர் நேர்மை தெரியுமே.

மாதங்கி துண்டைப் போர்த்திக்கொண்டு ஈரக்காலோடு ஓடினாள்.

"அப்பா, வேண்டாம்னு சொல்லிடு. ப்ளீஸ். நீ அம்மாகிட்ட போய் ஒக்காரு."

"ஆள் இல்லேங்கறாளே. கூப்பிட்டப்புறம் மாட்டேன்னா என்ன நெனைப்பா? பயந்துட்டான்னு நெனைப்பா."

"அப்போ பாக்கறதைப் போடு. ஜாஸ்தி வேண்டாம், கம்மியும் வேண்டாம். பாக்கறது என்னவோ அது."

"எப்பவும் போடறாப்பலதான்," என்று அவள் ஈரத்தலையைத் தட்டிவிட்டு நடுவர் நாற்காலியை நோக்கிப் போய்விட்டார். அப்போதே அவள் ரெஃப்ரியிடம் போய்க் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பெற்ற அப்பா நமக்குக் கெடுதல் செய்வார் என்று எந்த வாயால் புகார் சொல்வது?

கடைசிக் குதிப்புக்கு வந்தபோது மூன்றாம் இடத்துக்கு இரண்டே பேர். இன்னொரு பெண் குதித்து முடித்துவிட்டாள். கோச் ரத்னாதி கணக்குப் போட்டுப் பார்த்து, "மூன்று ஏழு வந்தால் வெண்கலம் உனக்கு. உன்னால் கண்ணை மூடிக்கொண்டு முடியும்" என்று காதில் சொல்லி அனுப்பினாள்.

மாதங்கி பலகை நுனியில் தண்ணீருக்கு முதுகு காட்டி, விரல் நுனியில் நின்றாள். கூட்டம் அடங்கியது. எகிறினாள். பின்பக்கமாக இரண்டரைச் சுற்று. முழங்காலை இறுக்கிக் கட்டியதும், சரியான நொடியில் பிரித்ததும், கை முதலில் தண்ணீரைத் தொட்டதும் அவளுக்கே தெரிந்தது. ஒரு டைவ் நன்றாக விழுந்தால் உடம்புக்கு உடனே தெரிந்துவிடும். அடி ஆழத்திலேயே அவள் சிரித்துவிட்டாள்.

மேலே வந்தபோது விசில் ஊதி அட்டைகள் உயர்ந்துவிட்டன. ஏழு. ஏழு. ஏழரை. நாலாவது நாற்காலியில் அந்த இன்னொரு பெண்ணின் மாநிலத்துக்காரர். அவர் கையில் ஐந்தரை. ஐந்தாவது விஸ்வநாதன். ஆறு.

ஏழரையை அடித்தார்கள். ஐந்தரையை அடித்தார்கள். ஆறு நின்றுவிட்டது.

இத்தனை வருஷத்தில் அவருடைய மார்க் அடிபடாமல் நின்றது அன்றைக்குத்தான். இரண்டு புள்ளிகூட இல்லாத வித்தியாசத்தில் மாதங்கிக்கு நாலாம் இடம். விஸ்வநாதன் அட்டையைத் தூக்கிய கையை இறக்க மறந்து, அந்த ஐந்தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டு இட்லி டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

அதோடு விட்டார்களா? பரிசளிப்பு மேடையில் சங்கத்துச் செயலாளர் மைக்கைப் பிடித்து, சொந்த மகளின் மெடலைவிட நியாயமே பெரிதென்று நின்ற மனிதர் இதோ என்று முழங்கினார். சால்வை போர்த்தினார்கள். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. வெண்கலம் வாங்கிய பெண் அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். கூச்சத்தோடு நெளிந்த விஸ்வநாதன், தட்டல் ஓயாததைப் பார்த்துக் கடைசியில் லேசாகச் சிரித்து இரண்டு கையும் கூப்பினார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் மாதங்கிக்கு வயிறு எரிந்தது. மெடல் போனதற்குக்கூட அவ்வளவு எரியவில்லை.

மூவரும் டாக்சியில் திரும்பினார்கள். பைபாஸ் தாண்டியதும் மாதங்கி கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு வங்காளம்தான் முந்திக்கொள்ளும்.

"ஷொத்தி போலோ, அப்பா. நிஜத்தைச் சொல்லு. நீ என்ன பாத்தே?"

விஸ்வநாதன் ஜன்னல் பக்கம் இருந்த முகத்தைத் திருப்பினார். என்ன நினைத்தாரோ, அவர் குரலில் பெருமை வந்துவிட்டது.

"எட்டு. சொட்டுத் தண்ணி தெறிக்கலே. உன்கிட்ட நான் பாத்ததுலேயே அதுதான் நன்னா இருந்தது."

"எட்டைப் பாத்துட்டு ஆறு போட்டியா?"

"எப்பவும் ஒண்ணுதான் கொறைப்பேன். இன்னிக்கு ஊரே பாக்கறதேன்னு..." என்று இழுத்தார். "அது அடிபட்டுப் போயிடும்னுதானே போட்டேன். அந்தப் பாவி அஞ்சரை போடுவான்னு எனக்கு ஜோசியமா தெரியும்? அயோக்கியன். அவனாலதான் போச்சு."

"அவனுக்கு அவன் ஊர்ப் பொண்ணு ஜெயிக்கணும். அதுக்காகப் பொய் சொன்னான். நீ யார் ஜெயிக்கணும்னு பொய் சொன்னே?"

விஸ்வநாதன் மடியிலிருந்த சால்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். முன் சீட்டிலிருந்த பட்டு திரும்பிப் பார்க்காமலே, "கொலு வெச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பேப்பரில் படம் வந்துவிட்டது. லேக் மார்க்கெட்டிலிருந்து லக்ஷ்மிநாராயணன் மாமா மைசூர்பாகோடு வந்தார், இன்னும் நாலு குடும்பம் வந்தது. ஹால் நிறைந்துவிட்டது; பட்டு சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷரா என்று ஆளாளுக்கு உருகினார்கள். விஸ்வநாதன் சோபா ஓரத்தில் உட்கார்ந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடந்ததை அவர் வாய் திறந்து சொல்லிவிடுவார் என்று மாதங்கி காபி கொடுக்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை பேர் நடுவில், இப்போதாவது. 'நான் பார்த்தது எட்டு' என்ற மூன்றே வார்த்தை. வேலை திரும்பி வராது, மெடல் வராது, அப்பாவாவது திரும்பி வந்திருப்பார்.

சொல்லவில்லை. மைசூர்பாகு நன்றாக இருக்கிறது என்றார்.

லக்ஷ்மிநாராயணன் மாமா அவள் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. இத்தனை நாள் உனக்கு அவர் மார்க் போட்டார். இன்னிக்கு நீ அவருக்குப் போடு பாப்போம். எவ்வளவு தருவே உங்கப்பாவுக்கு?" என்றார்.

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். விஸ்வநாதனும் பார்த்தார். மாதங்கி டம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பத்து, மாமா. பத்துக்குப் பத்து."

ஹாலே கைதட்டியது. விஸ்வநாதன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். பொய் மார்க்கைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துகொள்ள அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவரால்தான் முடியும்.